பிராது சொன்னவள் வெளியே! பிராதுக்கு ஆளானவன் உள்ளே!

பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் நமக்கு நெடுநாள் பழக்கமான மீனவத் தோழர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மகள் ஓட்டத்தில் வெகு கெட்டிக்காரி. அவள் பந்தயங்களில் வாங்கிய மெடல்கள் வீட்டுச் சுவரில் ஒரே ஆணியில் கொத்தாகத் தொங்குகின்றன. சில நாட்களுக்கு முன் மாலை வேளையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். மைதானத்தில் இருக்க வேண்டிய அந்தப் பெண், வாசலில் காயும் கருவாட்டுக்குக் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். "ஏனம்மா, ஓடப் போகவில்லையா?" என்று கேட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். தகப்பனார்தான் பதில் சொன்னார்:

"நிறுத்திவிட்டோம் அண்ணே. சொல்லிக்கொடுக்கிற ஆள் சரியில்லை என்று பிள்ளை அதன் தாயிடம் சொல்லி அழுதது. நமக்கேன் வம்பு?"

"சரி, அந்த ஆள் என்ன ஆனார்?" என்றோம்.

"அவருக்கென்ன? வழக்கம்போல வருகிறார். மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்" என்றார்.

இந்தச் சிறு சம்பாஷணையில் நமது நாட்டு விளையாட்டு நிர்வாகத்தின் யோக்கியதை முழுவதும் அடங்கிவிட்டது என்று சொல்லுவோம். குற்றம் செய்தவன் மைதானத்தில் நிற்கிறான். குற்றத்துக்கு ஆளானவள் வீட்டுக்குள் அடைபட்டாள். தண்டனை யாருக்குக் கிடைத்தது? ஒரு பாவமும் அறியாத பெண்ணுக்கு! அதைக் கொடுத்தது யார்? கோர்ட்டா, போலீசா? இல்லை, பெற்ற தகப்பனாரே! அதுவும் அன்பினாலேயே கொடுத்தார் என்பதுதான் இதில் உள்ள பெரிய பரிதாபம்.

அவரை நாம் குறை சொல்ல வரவில்லை. அவரை அப்படிச் செய்யத் தூண்டியவை எவை என்பதைத்தான் யோசிக்க வேண்டும். நமக்குத் தெரிந்தவரையில் மூன்று பூட்டுகள் அந்தப் பெண்ணின் வாய்க்குப் போடப்பட்டிருக்கின்றன. ஒன்று குருபக்தி. மற்றொன்று குடும்ப மானம் என்பது. மூன்றாவது, பிராதை வாங்க வேண்டிய இடத்தில் பிராதுக்கு ஆளானவனோ அவனுடைய சிநேகிதனோ உட்கார்ந்திருப்பது.

முதலில் குருபக்தியை எடுத்துக்கொள்ளுவோம். ஏகலைவன் கதை நமது மக்கள் எல்லோருக்கும் தெரியும். துரோணர் அவனுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்க மறுத்தார். அவன் தானாகவே கற்றுக்கொண்டான். பிறகு அந்தத் துரோணரே வந்து தட்சணை என்று அவன் வலது கைக் கட்டைவிரலைக் கேட்டார். அவன் வெட்டிக் கொடுத்தான். இதைக் கேட்கிற பகுத்தறிவுள்ள எவனும், "இது அநியாயம், விரலைக் கேட்டவனைப் பிடித்து விசாரிக்க வேண்டும்" என்றுதானே சொல்லுவான்? ஆனால் நாம் என்ன செய்தோம்? 1985ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்குப் பரிசு ஏற்படுத்தினபோது, அதற்குத் துரோணாச்சாரியார் பெயரையே வைத்தார்கள்! கர்நாடக ராஜ்யத்தில் விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கும் பரிசுக்கு ஏகலைவன் பெயர்! விரலைக் கேட்டவன் பெயர் குருவுக்கு, விரலைக் கொடுத்தவன் பெயர் சிஷ்யனுக்கு. பரிசு பெற்ற பயிற்சியாளர்களில் எத்தனையோ பேர் யோக்கியர்களாகவே இருக்கிறார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் குரு எதைக் கேட்டாலும் கொடுப்பதே சிஷ்யனுக்கு அழகு என்று பச்சைக் குழந்தை முதல் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு "ஏன் நீ அன்றைக்கே வாய் திறக்கவில்லை?" என்று அதே குழந்தையைக் கேட்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

தவிரவும், இந்தக் குருவின் கையில் வெறும் வித்தை மாத்திரமா இருக்கிறது? யாரைப் பந்தயத்துக்கு அனுப்புவது, யாரை நிறுத்துவது என்பது அவர் கையில். விடுதியில் இடம், சாப்பாடு, ரயில் செலவு, சர்ட்டிபிகேட்டு, அந்தச் சர்ட்டிபிகேட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய காலேஜ் படிப்பு, சர்க்கார் வேலை எல்லாம் அவர் ஒரு வார்த்தையில். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு குடும்பத்தின் சோறு. பணக்கார வீட்டுப் பிள்ளை பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். வலைக்காரன் மகளும் கூலிக்காரன் மகனும் எங்கே போவார்கள்? ஆகவே வாய் திறக்க முடியாமை என்பது ஏழைக்கும் தாழ்த்தப்பட்டவனுக்கும்தான் ஜாஸ்தி.

இது நம் கற்பனை என்று யாராவது சொல்லலாம். நடந்த சங்கதியைச் சொல்லுகிறோம்.

1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12ஆம் தேதி. அரியானாவில் பஞ்ச்குலா என்ற ஊர். ருசிகா என்ற 14 வயதுப் பெண் டென்னிஸ் விளையாடுகிறவள். அந்த ராஜ்யத்து டென்னிஸ் சங்கத்துக்குத் தலைவர் எஸ்.பி.எஸ். ராத்தோர், போலீஸ் இலாகாவில் மிகப் பெரிய உத்தியோகஸ்தர். விசேஷப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லி வரவழைத்து, அந்தப் பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டார். பெண் மறைக்கவில்லை. உடன் இருந்த தோழியும் மறைக்கவில்லை. சில நாட்களுக்குள் பிராது கொடுக்கப்பட்டது. செப்டம்பர் மாதத் துவக்கத்திலேயே, அப்போது போலீஸ் தலைவராய் இருந்த ஆர்.ஆர். சிங் விசாரித்து, வழக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். பிறகு என்ன நடந்தது? அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கினார்கள். அவளுடைய சகோதரன்மேல் கார் திருட்டு வழக்குகள் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்றும் கோர்ட்டில் நிற்கவில்லை. 1993 டிசம்பரில் அந்தப் பெண் விஷம் குடித்து இறந்தாள். ராத்தோரோ படிப்படியாக உயர்ந்து 1999இல் அரியானா போலீசுக்கே தலைவரானார். அந்த வருஷம் டிசம்பர் 29ஆம் தேதிதான் முதல் தகவல் அறிக்கையே பதிவாயிற்று. 2009 டிசம்பரில் தீர்ப்பு: ஆறு மாதச் சிறை, ஆயிரம் ரூபாய் அபராதம்! மேல் கோர்ட்டு அதை 18 மாதமாக்கிற்று. 2016இல் சுப்ரீம் கோர்ட்டு, குற்றம் உண்மை என்பதை உறுதி செய்து, அனுபவித்த சிறையே போதும் என்று விட்டுவிட்டது.

14 வயதுப் பெண் உடனே சொன்னாள். சாட்சி இருந்தது. விசாரணை அதிகாரி நம்பினார். இவ்வளவும் இருந்து, பதிவு செய்ய ஒன்பது வருஷம், தீர்ப்புச் சொல்ல பத்தொன்பது வருஷம்! ஏன்? பிராது போக வேண்டிய வழியெல்லாம் பிராதுக்கு ஆளானவருடைய வாசல் வழியாகவே போயிற்று. டென்னிஸ் சங்கத்தில் சொல்லலாமென்றால் தலைவர் அவர். போலீசில் சொல்லலாமென்றால் அதிகாரி அவர். திருடனுடைய வீட்டுத் திண்ணையில் திருட்டுக்குப் பிராது எழுதி வாங்கினால் நியாயம் கிடைக்குமா?

அது பழங்கதை, இப்போது காலம் மாறிவிட்டது என்பவர்களுக்காக மற்றொன்று சொல்லுகிறோம். 2023 ஜனவரி 18ஆம் தேதி டெல்லி ஜந்தர் மந்தரில், வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் பூனியா முதலிய பேர்பெற்ற மல்யுத்தக்காரர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். சாக்ஷி மாலிக் 2016 ஒலிம்பிக்கில் மெடல் வாங்கி வந்தபோது நாடே தலையில் வைத்து ஆடியது. மல்யுத்த சம்மேளனத் தலைவரும் ஆளுங்கட்சிப் பார்லிமெண்டு அங்கத்தினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் பெண்களிடம் முறைகேடாக நடந்தார் என்பது அவர்கள் பிராது. அவர் அதை மறுத்தார். சர்க்கார் மேரி கோம் தலைமையில் கமிட்டி போட்டார்கள். கமிட்டி அறிக்கை வெளியிடப்படவில்லை. ஏப்ரலில் மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தும் பதிவாகாமல், சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகே ஏப்ரல் 28ஆம் தேதி வழக்குப் பதிவாயிற்று.

இந்த இடத்தில் ஒலிம்பிக் சங்கத் தலைவராய் இருந்த பி.டி. உஷா என்ன சொன்னார்? தெருவுக்கு வந்தது ஒழுங்கீனம், இதனால் நாட்டுக்குக் கெட்ட பெயர், எங்களிடம் அல்லவா வந்திருக்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். அவர்கள் ஜனவரியிலேயே அந்தச் சங்கத்துக்கு எழுதியிருந்தார்கள்! தானே ஓடிப் பெயர் வாங்கிய பெண்மணிகூட, நாற்காலியில் உட்கார்ந்தவுடன் நாற்காலியின் பாஷையைத்தான் பேசுகிறார் என்பதைப் பாருங்கள். சில நாள் கழித்து அவர் அந்தப் பெண்களை நேரில் போய்ப் பார்த்தார் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மே 28ஆம் தேதி, புதிய பார்லிமெண்டுக் கட்டடம் திறந்த அன்று, அங்கே போக முயன்ற அவர்களைப் போலீசார் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். மெடல்களைக் கங்கையில் போட ஹரித்வாருக்கே போய்விட்டார்கள். விவசாயத் தலைவர்கள் தடுத்துத் திருப்பினார்கள். அந்த டிசம்பரில் சம்மேளனத் தேர்தலில் பிரிஜ் பூஷணுக்கு வேண்டியவரான சஞ்சய் சிங்கே தலைவராக வந்தார். சாக்ஷி மாலிக் தமது காலணியை மேஜைமேல் வைத்து, இனி மல்யுத்தம் இல்லை என்று அழுதுகொண்டே எழுந்து போனார்.

பிரிஜ் பூஷண்மேல் குற்றச்சாட்டுகள் வனைய 2024 மே மாதத்தில் டெல்லிக் கோர்ட்டு உத்தரவிட்டது. சிறு பெண் ஒருத்தி சம்பந்தமான தனி வழக்கு, அதை முடிக்கும்படி போலீசார் கொடுத்த அறிக்கையை அவளும் தகப்பனாரும் எதிர்க்காத நிலையில் 2025 மே மாதத்தில் முடிக்கப்பட்டது. அவர் குற்றவாளியா இல்லையா என்பதைக் கோர்ட்டுதான் சொல்ல வேண்டும், நாம் சொல்லவில்லை. நம்முடைய கேள்வி வேறு. 2013ஆம் ஆண்டிலேயே சட்டம் கேட்ட விசாரணைக் கமிட்டி அந்தச் சம்மேளனத்தில் சரிவர இல்லை என்று 2023இல் வெளியாயிற்றே, பத்து வருஷம் அதைக் கேட்பார் ஏன் இல்லை? ஒலிம்பிக் மெடல்காரிக்கே தெருதான் கதி என்றால், பரங்கிப்பேட்டை மீனவர் மகள் எந்தத் தெருவுக்குப் போவாள்?

இதைக் கண்டு, "நம் நாடு இப்படி, வெள்ளைக்காரன் நாட்டில் நடக்குமா?" என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக் கோஷ்டிக்கு டாக்டராய் இருந்த லாரி நாசர் என்பவன் வைத்தியம் என்ற பெயரால் பல வருஷங்கள் பெண் குழந்தைகளைக் கெடுத்தான். 2015இல் அந்நாட்டு எப்.பி.ஐ. போலீசுக்குத் தகவல் போயும் அவர்கள் அசட்டையாய் இருந்தார்கள் என்று அவர்கள் சர்க்காரே 2021இல் அறிக்கை எழுதிற்று. அந்த இடைக்காலத்தில் இன்னும் பல பெண்கள் கெடுக்கப்பட்டார்கள். 2016இல் ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற பெண் தன் பெயரைச் சொல்லிப் பத்திரிகைக்குப் பேசினாள். 2018 ஜனவரியில் கோர்ட்டில் 150க்கு மேற்பட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராய் எழுந்து பேசினார்கள். அவனுக்கு 40 முதல் 175 ஆண்டு வரை சிறை. இது பெண்களுக்கு மாத்திரம் என்றும் எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் கால்பந்துப் பயிற்சியாளன் பாரி பென்னல் கெடுத்ததெல்லாம் பையன்களை. 2016இல் ஆண்டி உட்வர்ட் என்ற பழைய ஆட்டக்காரர் பகிரங்கமாய்ச் சொன்ன பிறகு பலரும் சொன்னார்கள்.

நம் பக்கத்திலும் அதே அனுபவந்தான். 2021 மே மாதத்தில் சென்னையில் பெயர் பெற்ற ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர்மேல் ஒரு பெண் பிராது கொடுத்தாள். போலீசார் அவரைக் கைது செய்து, வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லலாம் என்று அறிவித்தவுடன், மேலும் பல பெண்கள் முன்வந்தார்கள். கேரளத்தில் பத்தனம்திட்டை ஜில்லாவில் 2025 ஜனவரியில் வெளிவந்த சங்கதி இன்னும் கோரம். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த விளையாட்டுக்காரி, பதின்மூன்று வயது முதல் ஐந்து வருஷம் தனக்கு நேர்ந்ததைச் சொன்னாள். ஐம்பது பேருக்கு மேல் கைதானார்கள். பயிற்சியாளரும் அதில் உண்டு. அவள் எப்போது சொன்னாள்? வீடு வீடாக வந்த பெண் ஆலோசகர்கள், உட்கார்ந்து, நிதானமாய்க் கேட்டபோது. ஐந்து வருஷம் அவளை அப்படிக் கேட்பார் இல்லை!

இனி இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களைப் பார்ப்போம்.

"பொய்ப் பிராது வந்தால் ஒரு நல்லவன் மானம் போகுமே" என்கிறார்கள். பொய்க் கடன் பத்திரம் எழுதுகிறவன் இருக்கிறான் என்று சிவில் கோர்ட்டுகளை மூடிவிட்டோமா? மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்குத்தானே விசாரணை? விசாரணையே கூடாது என்கிறவன் நல்லவனைக் காப்பாற்றவில்லை. நல்லவனும் கெட்டவனும் ஒன்றாய்த் தெரியும்படி செய்கிறான்.

"பெண்ணின் மானம் போய்விடுமே" என்கிறார்கள். வீட்டில் திருடு போனால் திருடனுக்கு வெட்கமா, வீட்டுக்காரனுக்கு வெட்கமா? மானம் என்பதை ஒருவன் கை பட்டால் போய்விடும் சரக்காய்ப் பெண்ணின் உடம்பில் கட்டிவைத்தது யார்? தப்புச் செய்தவனுக்கே மானக்கேடு என்று ஊர் ஒருமுறை சொல்லிவிட்டால் இந்தப் பூட்டு தானே விழுந்துவிடும்.

"இதற்குத்தான் பெண்கள் மைதானத்துக்குப் போக வேண்டாமென்றோம்" என்று சிலர் சந்தோஷத்தோடு சொல்லுவார்கள். இவர்களைக் கண்டுதான் நமக்கு அதிகப் பயம். ஓநாய் வந்தது என்றால் ஓநாயை விரட்டுவதா, ஆட்டைப் பட்டினி போடுவதா? ஒரு பெண் வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் கெட்டவனுக்கும் வெற்றி, இந்த வைதிகர்களுக்கும் வெற்றி.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் எந்தக் குழந்தைக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் உண்டு. அதன்படி குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். தெரிந்தும் சொல்லாத ஸ்தாபனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. "பள்ளிக்கூடத்தின் பெயர் கெடும், நமக்குள் பேசி முடித்துக்கொள்ளுவோம்" என்கிற தலைமை உபாத்தியாயர் சமாதானம் செய்யவில்லை, குற்றம் செய்கிறார். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்று டெலிபோன் இருக்கிறது. வயது வந்த பெண்களுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. விளையாட்டு நிலையம், மைதானம், பந்தயம் நடக்கும் இடம் எல்லாம் அதில் வேலை இடமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனத்தில், பெண் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களும், வெளி ஆள் ஒருவரும் கொண்ட கமிட்டி இருக்க வேண்டும். ஸ்தாபனம் சிறிது என்றாலும், முதலாளிமேலேயே பிராது என்றாலும், ஜில்லாவுக்கு ஒரு கமிட்டி உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். 2025ஆம் ஆண்டில் விளையாட்டு நிர்வாகத்துக்கென்றே ஒரு தேசியச் சட்டமும் இயற்றியிருக்கிறார்கள்.

சட்டம் புஸ்தகத்தில் இருந்து என்ன பிரயோஜனம்? ஆகையால் கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டைத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் பிள்ளை போகும் பள்ளிக்கூடத்துக்கும் கிளப்புக்கும் நாலு பெற்றோராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்: பிராது வாங்கும் கமிட்டி எங்கே? அதில் இருப்பவர்கள் பெயர் என்ன? அந்தப் பெயரும் 1098 என்ற நம்பரும் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா? வெளியூர்ப் பந்தயத்துக்குப் பெண்களோடு பெண் ஒருத்தி போகிறாளா? பிராது வந்தால் விசாரணை முடியும்வரை ஒதுங்கி நிற்க வேண்டியது யார்? பயிற்சியாளர் யோக்கியராயின் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார். கோபித்துக்கொண்டால், அந்தக் கோபத்துக்குக் காரணம் என்ன என்று அவசியம் யோசிக்க வேண்டும்.

நமது மீனவத் தோழரிடம் இவ்வளவும் சொன்னோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மற்றப் பிள்ளைகளும் அங்கேதானே போகிறது" என்றார். அதுதான் விஷயம், தோழர்களே! தன் பெண்ணை மாத்திரம் இழுத்துக்கொண்டு வந்துவிட்டால் அடுத்த வீட்டுப் பெண் அந்த இடத்தில் நிற்கிறாள். மறுநாள் காலையில் அவரும் அவர் மனைவியும் பெண்ணுமாய்ப் புறப்பட்டார்கள். துணைக்கு நாமும் போனோம். பிராது எழுதப்பட்டுவிட்டது. அதன் முடிவு என்னவாகும் என்பது விசாரணையைப் பொறுத்தது. ஆனால் திரும்பி வரும்போது அந்தப் பெண் தகப்பனாரைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "நான் எப்போ ஓடப் போகலாம்?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர் மாத்திரமல்ல. ஊராகிய நாம் எல்லோரும்.